பச்சோந்திக்கு இரை: சுவர்க்கோழியா, டூபியா கரப்பானா?

என்னிடம் இருப்பது ஓர் ஆண் ஏமன் பச்சோந்தி. தலையில் உயரமான கொண்டையோடு இருக்குமே, அந்த வகை. முதல் ஒன்றரை ஆண்டு அதற்குச் சுவர்க்கோழிதான் முக்கிய இரை. இரை வாங்கும் இடங்களில் கிரிக்கெட் என்றே கேட்க வேண்டும். அப்புறம் டூபியா கரப்பானுக்கு மாறினேன். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. கரப்பான் பக்கம் சாய்ந்தவன் எழுதுவது என்று தெரிந்தே இதைப் படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுக்களையில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடும் பேச்சே இல்லை. அது எந்த மருந்தைத் தின்றதோ, எந்த ஒட்டுண்ணியைச் சுமக்கிறதோ, நமக்குத் தெரியாது. டூபியா தென் அமெரிக்கக் காட்டுத் தரையில் இலைச்சருகுக்குள் வாழும் வேறு இனம். வழவழப்பான கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஏறத் தெரியாது. ஆணுக்கு முழு இறகு இருந்தாலும் பறப்பதில்லை. மிஞ்சினால் கீழே விழும்போது படபடக்கும்.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரண்டிலுமே பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. எதைக் கொடுத்தாலும் கால்சியம் பொடி தூவாமல் தப்பிக்க முடியாது. தவறினால் பச்சோந்தியின் எலும்பு வளையும். இரையின் நீளம் பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சுவர்க்கோழிக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அது அசைந்துகொண்டே இருக்கும். பச்சோந்தி அசைவைப் பார்த்து வேட்டையாடும் விலங்கு. சுவர்க்கோழியைக் கூண்டுக்குள் விட்டால் இலை, கிளை என்று மேலே ஏறும். பச்சோந்தியின் இரண்டு கண்களும் தனித்தனியே சுழன்று தேடி, ஒரு புள்ளியில் சேர்ந்து நிற்கும், நாக்கு பாயும். பார்க்க அவ்வளவு அழகு. டூபியாவோ ஆபத்து என்றால் அப்படியே உறைந்துவிடும், இல்லையென்றால் மண்ணுக்குள் புதைந்துவிடும். முதல் வாரம் என் பச்சோந்தி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டு வழுக்கும் ஒரு கிண்ணத்தைக் கிளையோடு கட்டி, கரப்பானை அதில் மல்லாக்கப் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. கால்களை உதைத்துக்கொண்டு அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு போதும். பத்து நாளில் கிண்ணத்தைக் கண்டாலே கிளையில் இறங்கி வரப் பழகிவிட்டது.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் பராமரிப்பு. மற்ற எல்லாமே அதற்குப் பின்னால்தான்.

சுவர்க்கோழியின் ஆயுள் எட்டு முதல் பத்து வாரம். முழு வளர்ச்சி அடைந்ததை வாங்கினால் கையில் இருப்பது மிச்சமிருக்கும் இரண்டு மூன்று வாரம்தான். கொண்டுவந்த மறுநாளே பெட்டியின் அடியில் சில செத்துக் கிடக்கும். எடுக்கத் தவறினால் அழுகும். அந்த நாற்றமும் ஈரமும் மீதி உள்ளவற்றையும் கொல்லும். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து சாகும், நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று தின்னும். ஆண் இரவெல்லாம் கத்தும். வீட்டிலேயே பெருக்கலாம் என்று நானும் முயன்றேன். முட்டையிட ஈரமண் வேண்டும், மண் காயவும் கூடாது, பூஞ்சை பிடிக்கவும் கூடாது. பொரித்த குஞ்சுகளைப் பெரியவை தின்னாமல் தனியே வைக்க வேண்டும். மூன்று தலைமுறை தாண்டியதும் ஒரே வாரத்தில் மொத்தமும் போயிற்று. அவற்றை என்ன தாக்கியது என்று சோதித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் சுவர்க்கோழிப் பண்ணைகளையே காலி செய்யும் ஒரு வைரஸ் உண்டு. 2010ஐ ஒட்டி வட அமெரிக்காவில் பெரிய பண்ணைகள் அதனால் சரிந்தன. அதன் பிறகுதான் அந்த நோயைத் தாங்கும் பட்டைச் சுவர்க்கோழி (பேண்டட் கிரிக்கெட்) பரவலாக விற்பனைக்கு வந்தது. இன்றைக்குச் சுவர்க்கோழிதான் வேண்டும் என்பவர்கள் அந்த வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

டூபியா பெட்டியில் இந்த வேலை எதுவும் இல்லை. முட்டை அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்திய ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மூடியில் காற்றுக்கு வலை, ஒரு பக்கம் வெப்பப் பாய். மூன்று முதல் ஐந்து பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். பெண் முட்டைக் கூட்டைத் தன் உடலுக்குள்ளேயே வைத்துக் காத்து, இருபது முப்பது குஞ்சுகளை உயிரோடு ஈனும். ஈரமண் பார்க்கும் வேலை அதோடு ஒழிந்தது. பெரியது ஓராண்டுக்கு மேல் வாழும். சத்தம் இல்லை, உலர்வாக வைத்தால் நாற்றமும் இல்லை. நான் வாரம் இருமுறை தீவனம் வைக்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழிவைச் சலிக்கிறேன்.

வெப்பத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால்தான் பெருகும். குளிர்ந்தால் உயிரோடு இருக்கும், ஆனால் ஈனாது. குஞ்சு முழு வளர்ச்சி அடைய நாலைந்து மாதம் ஆவதால், தொடங்கியதும் எடுத்துப் போட ஆரம்பித்தால் கூட்டம் தேறாது. நான் முதல் ஆறு மாதம் பெண்களைத் தொடவே இல்லை. இடையில் தேவைக்குக் குஞ்சுகளைத் தனியாக வாங்கினேன். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த ஆறு மாதம்தான் டூபியாவின் உண்மையான விலை.

இந்தப் பராமரிப்பு நம் வசதியோடு நிற்பதில்லை, நேராகப் பச்சோந்தியின் உடம்புக்குப் போகிறது. இரை என்பது உள்ளே தீவனம் நிரம்பிய ஒரு பை. கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது அது கீரை, கேரட், பூசணி என்று நன்றாகத் தின்றிருக்க வேண்டும். சுவர்க்கோழி நாட்களில் நான் என்ன செய்தேன்? செத்துவிடுமே என்ற பயத்தில், வாங்கி வந்த அன்றே வெறும் வயிற்றோடு போட்டேன். பச்சோந்திக்குக் கிடைத்தது பூச்சியின் மேல்தோடும் கொஞ்சம் தண்ணீரும்தான். டூபியா காத்திருக்கும். எந்த நாள் எடுத்தாலும் நான் வைத்த கீரையைத் தின்று வாழ்ந்த உயிர் அது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கரப்பான் மிஞ்சிய நைட்ரஜனை யூரிக் அமிலமாக உடல் கொழுப்பிலேயே சேர்த்து வைக்கும் பூச்சி. அதனால் புரதம் மிகுந்த நாய், பூனைத் தீவனத்தை நான் அதற்குக் கொடுப்பதில்லை.

இன்னொரு விஷயத்தை நான் கண்ணால் பார்த்தேன். இரவு கூண்டில் தப்பி நின்ற சுவர்க்கோழிகள், தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். ஒரு காலையில் பின்னங்காலில் சிறு காயம் இருந்தது. மீந்ததை இரவுக்கு முன் எடுக்காதது என் தவறு. ஆனால் இலைக்குள் ஒளிந்த சுவர்க்கோழியை ஒன்றுவிடாமல் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கிண்ணத்தில் போட்ட டூபியா கிண்ணத்திலேயே நிற்கும்.

டூபியாவின் குறைகளில் பெரியது ஒவ்வாமை. கரப்பான் கழிவின் தூசு ஆஸ்துமாவையும் தும்மலையும் கிளப்பும்; ஆண்டுக்கணக்கில் கையாண்ட பிறகு திடீரென ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. வீட்டில் மூச்சுத் தொல்லை உள்ளவர் இருந்தால் நான் சுவர்க்கோழியையே சொல்வேன். எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை, ஆனாலும் சலிக்கும்போது முகக்கவசம் போட்டு, தொட்டியை வெளியே எடுத்துப் போய்த்தான் சலிக்கிறேன். சில நாடுகளில் இந்த இனத்தை வைத்திருக்கவே தடை இருப்பதால், வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களின் அருவருப்பையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் கரப்பான் தொட்டியைக் கொண்டுவந்து வைப்பது சரியில்லை.

குட்டிப் பச்சோந்திகளைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல முடியாது. என்னுடையது நாலு மாதத்தில் என்னிடம் வந்தது. முட்டையிலிருந்து வளர்த்த அனுபவம் இல்லை. பிறந்த குட்டிக்குப் பழ ஈயும், பொடிச் சுவர்க்கோழியும்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன். அந்த வயதில் அது நாள் முழுக்கத் தின்னும், அசைவும் வேண்டும். உறைந்து நிற்கும் கரப்பான் குஞ்சு அதற்கு உதவாது.

சுவர்க்கோழியை நானும் முழுதாக விட்டுவிடவில்லை. ஒரே இரையைத் தொடர்ந்து கொடுத்தால் பச்சோந்தி சலித்துப் பட்டினி கிடக்கும். மாதம் ஒருமுறை இருபது வாங்கி, இரண்டு நாள் கீரை போட்டு வைத்து, பகல் பொழுதில் ஐந்தைந்தாகக் கூண்டுக்குள் விடுகிறேன். விளக்கு அணையும் முன் கையில் டார்ச்சோடு இலை இலையாகத் தேடி, மீந்ததை எடுத்துவிடுகிறேன்.