கிற்றார்: வீடியோ பார்த்துப் பழகுவதா, காதால் பிடிப்பதா?

மாரி மழை தொடங்கினால் திருகோணமலையில் மாலைகள் வீட்டோடுதான். கிற்றாரைக் கையில் எடுப்பவர்களுக்கு அப்போது வரும் குழப்பம் இது: வீடியோ பார்த்துப் பழகுவதா, பாட்டைக் கேட்டுக் கேட்டே காதால் பிடிப்பதா?

செலவு: வீடியோவுக்கு டேட்டா கரையும். காதுக்கு ஃபோனில் ஒரு பாட்டு இருந்தால் சரி.

வேகம்: வீடியோவில் ஒரு மாலையிலேயே ஒரு பாட்டின் கோர்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) கைக்கு வரும். காதால் என்றால் முதல் பாட்டுக்கு நாட்கள் போகும். காதால் பிடிக்கும்போது பேஸ் சுரத்தை, அதாவது அடியில் கேட்கும் தாழ்ந்த சுரத்தை, முதலில் பிடியுங்கள். கோர்ட் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கும்.

கை நுட்பம்: இதில் வீடியோதான் மேல். சுட்டுவிரல் ஒன்றே எல்லாக் கம்பியையும் அழுத்தும் எஃப் பார் கோர்டில் அந்த விரல் சற்றே பக்கவாட்டில் சாய்வதைக் காது சொல்லாது. யூடியூபில் வேகத்தை 0.5 ஆக்கினாலும் சுருதி மாறாது, விரல்களை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவின் 6/8 தாளம் வலக்கையில் ஊற வேண்டுமென்றால் திரையை மூடிவிட்டுக் கேளுங்கள். கையை மேலா கீழா அடிப்பது என்று திரையில் காட்டும் அம்புக்குறி பார்த்து அடிக்கிற பைலாவுக்கு யாரும் ஆடமாட்டார்கள்.

நினைவு: காதால் பிடித்தது லேசில் மறக்காது.

புதிதாகத் தொடங்குபவருக்கு வீடியோ. கோர்ட் மாற்றம் தடுமாறாமல் வருகிறவர், தேவாலயக் கொயரிலோ கலியாண வீட்டிலோ கூட வாசிக்க வேண்டியவர், காதையே நம்பலாம். அப்புறம், எந்த வழியானாலும் வாசித்து முடித்ததும் கம்பியைத் துடையுங்கள்; கடற்காற்று ஸ்டீல் கம்பியைச் சும்மா விடாது.