ஆமைக்குஞ்சோடு ‘முழு செட்’டும் விற்கிறார்களா? வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

செல்லப்பிராணிகள் விற்கும் ஒருவரிடம் எங்கள் வீட்டுக்கு ஒரு நில ஆமைக்குஞ்சு வாங்கினோம். ஆமையை மட்டும் அவர் தரவில்லை. கண்ணாடித் தொட்டி, சிவப்பு பல்பு, அடியில் பரப்ப மணல், உருண்டைத் தீவனம் என்று முழு செட்டாகக் கட்டிக் கொடுத்தார். “இதுக்கு மேல எதுவும் வேண்டாம். வெயில்கூடத் தேவையில்லை, இந்த பல்பே போதும். பாலைவன ஆமை, தண்ணி காட்டாதீங்க. கையகலத்துக்கு மேல வளராது” என்றார். துருவித் துருவிக் கேட்டபோதும் அதே பதில்தான். அவர் சொன்னபடியே வளர்த்தோம்.

சில மாதங்களில் ஆமை வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் கட்டைவிரலால் ஓட்டின் ஓரத்தை மெல்ல அழுத்தினார். நனைந்த அட்டை மாதிரி உள்ளே அமுங்கியது. கீழ்த்தாடை வளைந்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புகள் மங்கலாகத்தான் தெரிந்தன. அப்புறம் பல்பைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு மீட்டரை அதன் கீழே பிடித்தார். முள் அசையவே இல்லை. அது வெறும் சூடு தரும் பல்பு. ஆமைக்கு வேண்டிய புற ஊதா பி கதிர், அதாவது யூவிபி, அதில் துளியும் கிடையாது.

இந்தக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடல் வைட்டமின் டி3 தயாரிக்கும். டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடலில் சேராது. ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடல் எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் எடுக்கத் தொடங்கும். ஓடு என்பதும் எலும்புதானே. இது மெதுவாக நடப்பதால் கண்ணில் படும்போது பாதிக்கு மேல் முற்றியிருக்கும். விற்றவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. யூவிபி குழல் விளக்கு அதே கடையின் இன்னொரு அலமாரியில், அதிக விலையில் இருந்தது.

ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைத்துவிடும் என்றும் சொல்வார்கள். கிடைக்காது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நேரடி வெயில் வேண்டும், ஒதுங்க நிழலும் வேண்டும். விளக்கு வைப்பதானால் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. வெளிச்சம் அப்படியே இருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே வரும். அதனால் வகையைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

‘தண்ணி காட்டாதீங்க’ என்றதும் தவறு. எங்களுக்கு விற்றது சல்கேட்டா ஆமை, சஹாராவின் தெற்கு விளிம்பைச் சேர்ந்தது. அங்கேயும் அது வெயிலில் காய்ந்துகொண்டிருப்பதில்லை. வளை தோண்டி உள்ளே ஈரமான மண்ணில் கிடக்கும். வறண்ட காற்றில் வளரும் குஞ்சுகளுக்கு ஓடு கூம்பு கூம்பாகப் புடைக்கிறது என்பதை 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புரதம் கூடினால்தான் புடைக்கும் என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். ஈரப்பதத்துக்குத்தான் அதில் பெரிய பங்கு. குஞ்சுகளை அடிக்கடி தாடை மட்டத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். குடிக்கும், கழிவையும் வெளியேற்றும். உணவு பெரும்பாலும் புல்லும் காய்ந்த புல்லும்தான். மணலோ உணவோடு வயிற்றுக்குள் போய்க் குடலை அடைத்துவிடலாம்.

‘கையகலம்’ பற்றியும் சொல்ல வேண்டும். கலாபகோஸ், அல்டாப்ரா ராட்சத ஆமைகளுக்கு அடுத்து உலகிலேயே பெரிய நில ஆமை இதுதான். 45 கிலோவையும் தாண்டக்கூடியது, எழுபது வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. தோட்டம் இல்லாத வீட்டில் வைத்துக்கொள்ளவே முடியாது. குஞ்சாக இருக்கும்போதே தொடைப் பகுதியில் முள் போன்ற பெரிய செதில்கள் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்பையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போய் விற்றவரிடம் கேட்டோம். “நீங்க சரியாப் பாத்துக்கல” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். ரசீதில் வெறும் ‘ஆமை’ என்றுதான் எழுதியிருந்தது, இனப்பெயர் இல்லை. அதனால் நீங்கள் வாங்கும்போது இனப்பெயரையும், அது வளர்ப்பில் பிறந்தது என்பதற்கான சான்றையும் கேளுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். நட்சத்திர ஆமை என்று காட்டினால் இன்னும் கவனம்: 2019 முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, காட்டிலிருந்து பிடித்ததைப் பன்னாட்டு வணிகத்தில் விற்கக் கூடாது.

எங்கள் ஆமை இப்போது நடக்கிறது, புல் தின்கிறது. புதிதாக வளரும் ஓடு கெட்டியாக, சமமாக வருகிறது. புடைத்ததும் வளைந்ததும் அப்படியே இருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இதே மாதிரி செட் வாங்கியவர்கள் இன்றைக்கே பல்பின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். யூவிபி என்று இல்லையென்றால் உடனே மாற்றுங்கள். டி3 சொட்டு மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள், அளவு கூடினால் அதுவே ஆபத்து. ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவரிடமே போங்கள். நாய்க்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்து ஆமைக்கு விஷம், உயிரே போய்விடும்.