பேப்பர் பப்ளிகேஷன் போடும் ஏஜென்சி: எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்

மதுரை கோர்ட் பக்கத்தில் இருக்கும் ஒரு விளம்பர ஏஜென்சிக்கு என் விவாகரத்து வழக்கின் கோர்ட் அறிவிப்பைப் பேப்பரில் போடுவதற்காக இரண்டு தடவை நடந்தேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அந்த மூன்றும் டைப் அடிக்கும் தம்பிக்கு.

என் கணவர் கடைசியாக வேலை பார்த்தது திருப்பூரில். சம்மனும் பதிவுத் தபாலும் ஆள் இல்லை என்று திரும்பி வந்ததும், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 5, விதி 20-ன்படி வக்கீல் மனுப் போட்டு, பேப்பரில் போட உத்தரவு வாங்கினார். சதுர சென்டிமீட்டர் கணக்கில் காசு என்பதால் நாலு வார்த்தையைக் குறைக்கச் சொன்னேன். "அக்கா, அது கோர்ட் வாசகம், கை வைக்கக் கூடாது" என்றான் தம்பி. அரை மணியில் வாட்ஸ்அப்பில் புரூஃப் வந்துவிட்டது, என் இனிஷியலில் இருந்த தப்பையும் அவனே பிடித்தான்.

ஆனால் விளம்பரம் வந்தது மதுரைப் பதிப்பில்! எதிர்மனுதாரர் கடைசியாகக் குடியிருந்த அல்லது தொழில் செய்த வட்டாரத்தில் போகும் நாளிதழாக இருக்க வேண்டும் என்று அதே விதியின் 1ஏ பிரிவு சொல்கிறது. ஜட்ஜ் ஏற்கவில்லை, ஆறு வாரம் தள்ளி வாய்தா. வாய்தா தேதி மாறினால் விளம்பரமும் புதிதாகத்தானே போட வேண்டும். "நீங்கதானேம்மா சொல்லியிருக்கணும்" என்கிறார் முதலாளி. திருப்பூர் என்று எழுதியிருந்த உத்தரவு நகலை ஃபைலில் பின் அடித்து வைத்ததே அவர்தான். சண்டை போட்டு, இரண்டாவது தடவை பாதிக் காசுக்கு முடித்தேன்.

திருப்பூர்ப் பேப்பரில் சரியாக வந்தது. மேலே யாரோ தொலைத்த கிரயப் பத்திரம், கீழே வங்கி ஏலம், நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு எங்கள் ஒன்பது வருஷம். வெட்டி எடுத்துவிடாதீர்கள், கோர்ட்டில் முழுத் தாளாகக் கொடுக்க வேண்டும் என்றார் வக்கீல்.

அப்புறம், "பேப்பர்ல வந்துட்டா கேஸ் முடிஞ்ச மாதிரி" என்று அந்த முதலாளி சொல்வதை நம்பாதீர்கள். என் கணவர் வராமல் வழக்கு எக்ஸ்பார்ட்டி (ஒரு தரப்பை மட்டும் கேட்டு நடப்பது) ஆனாலும் நான் சாட்சி சொல்லி நிரூபித்தால்தான் தீர்ப்பு. அதை ரத்து செய்ய அவர் கேட்க 30 நாள் கெடு, ஆனால் காலவரையறைச் சட்டம் பேப்பர் அறிவிப்பை சம்மன் முறையாகச் சேர்ந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் தீர்ப்பு அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் அந்த 30 நாள் ஓடும். இதையும் வக்கீல்தான் சொன்னார், அதுவும் நான் கேட்ட பிறகு.