அரை மணி நேர இரவல்: இணையவழி மனித நூலகம்

31 ஆண்டுகள் கிளை நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாக ஒரு மனிதரை இரவல் வாங்கினேன். சென்னையில் உள்ள ஒரு தன்னார்வக் குழு கைப்பேசி வழியாக நடத்தும் ‘மனித நூலகம்’ பற்றிய மதிப்புரை இது.

2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் பிறந்த முறை இது. ஊர் ஒதுக்கி வைக்கிற ஒருவர் ‘புத்தகமாக’ உட்காருவார், வாசகர்கள் கேட்பார்கள். இங்கே ஓர் அமர்வுக்கு ஐந்து வாசகர்கள், அரை மணி நேரம், கட்டணம் இல்லை. உரையாடலை ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்யக் கூடாது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கப் புத்தகத்துக்கு உரிமை உண்டு.

‘பெண்ணை விரும்பும் பெண்’ என்ற தலைப்பை எடுத்தேன். அதற்குக் காரணம் உண்டு. 1990களின் இறுதியில் ஒரு கல்லூரி மாணவன் மேசையருகே வந்து, ஆண் ஆணை விரும்புவதைப் பற்றித் தமிழில் ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டான். “அந்த மாதிரிப் புத்தகமெல்லாம் இங்கே வைப்பதில்லை” என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். அவன் பிறகு வரவே இல்லை. திருப்பித் தர வேண்டிய புத்தகத்தைக்கூடத் தம்பியிடம் கொடுத்தனுப்பினான்.

2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், தமக்கு இத்தகைய உறவைப் பற்றி முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதினார். அவரே கேட்டார் என்றால் நான் கேட்பதில் என்ன தயக்கம் என்ற துணிவில்தான் பெயர் கொடுத்தேன்.

திரையில் வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். பின்னால் குக்கர் சத்தம். “வீடு கிடைப்பது சிரமமாக இருந்ததா, அம்மா?” என்று கேட்டேன்.

“அக்கா தங்கை என்று சொல்லித்தான் பிடித்தோம், அம்மா. இரண்டு கட்டில் போட்டிருக்கிறோம். முதல் தேதி வாடகை வாங்க வீட்டுக்காரர் வருவார். அன்று காலையில், யாரும் படுக்காத கட்டிலின் விரிப்பைக் கசக்கி, தலையணையில் ஒரு குழி விழும்படி அழுத்தி வைப்போம்.”

சொல்லும்போது அவருடைய கை தானாகவே அந்தத் தலையணையை அழுத்திக் காட்டியது. ‘இது எப்படி வந்தது’, ‘மாற்ற முடியாதா’ என்று நான் எழுதி வைத்திருந்த கேள்வித்தாளை மடித்துவிட்டேன். தன்பாலீர்ப்பு உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தி வந்த நாளிதழை வாசகர் மேசையில் விரித்து வைத்தவளே நான்தான். ஒரு விரிப்பைக் கசக்கி வைக்க வேண்டிய வாழ்க்கை அந்தச் செய்தியில் எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. முகம் காட்டாத ஒரு வாசகர் ஐந்து நிமிடம் பண்பாடு பற்றிப் போதித்தார். ஒருங்கிணைப்பாளர் மிகத் தாமதமாகவே குறுக்கிட்டார். அந்த நிமிடங்களில் புத்தகத்தின் முகம் இறுகிப்போனதைப் பார்த்தேன். வீட்டாருக்குப் பயந்து மறைவாகக் கேட்கிற பிள்ளைகளுக்கு முகம் மறைக்கும் வசதி வேண்டும்தான். ஆனால் வாய் திறந்து பேச விரும்புகிற வாசகர் முகம் காட்டட்டும். அறிமுகப் படங்கள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. பாலினம், பாலீர்ப்பு பற்றிப் பேசுவதற்கான தமிழ்ச் சொற்களையே தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. அவற்றைப் பயன்படுத்தினால் என் வயதுக்காரர்கள் தயங்காமல் வருவார்கள்.

பெரிய குறை நேரம். அவர் தம் அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது அரை மணி முடிந்து திரை அணைந்தது. எங்கள் நூலகத்தில் படித்து முடிக்காதவருக்குப் புதுப்பித்துக் கொடுப்போம். புத்தகம் சம்மதித்தால் அதே வாசகருக்கு மறுபடி இரவல் தர வேண்டும் என்று குழுவுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அமர்வுக்கு மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறேன்.