அம்பாசிடர் பின்புற வில்பட்டை: கூட்டுவதா, வளைப்பதா, மாற்றுவதா?

பழைய அம்பாசிடரின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, ஆள் ஏறிக் குழியில் இறங்கினால் பம்ப் ஸ்டாப்பர் (ஆக்சில் பாடியில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) ‘தட்’டென்று அடிக்கிறது என்றால் பட்டறையில் மூன்று வழி சொல்வார்கள். வில்பட்டையில் (அடுக்கிய இரும்புப் பட்டைகளாலான லீஃப் ஸ்பிரிங்) ஒன்றைக் கூட்டலாம், இருப்பதையே வளைத்து செட் செய்யலாம், புது செட் போடலாம். முன்பக்கம் வில்பட்டை இல்லை, முறுக்கிக்கொண்டு வில்லாக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற தண்டு. அதன் கதையே வேறு.

கூட்டுவதற்குத்தான் எங்கும் மவுசு. செலவு குறைவு, வண்டி அன்றைக்கே நிமிர்ந்து நிற்கும். பாரம் ஏற்றும் லாரிக்கு அது சரியான வைத்தியம். இரண்டு மூன்று பேரோடு ஓடும் பழைய காருக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். ஆறு பட்டை உள்ள கட்டில் அதே தடிமனில், முழு நீளத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். பட்டையின் தடிமன் பத்து சதவீதம் கூடினாலே அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும் என்பதால், கையில் கிடைத்த தடிமனான பட்டையைச் செருகுவது இன்னும் மோசம். கரடுமுரடான சாலையில் சக்கரம் தாராளமாக மேலும் கீழும் போய்வர வேண்டும். விறைத்த கட்டு அதற்கு விடாது. சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், அடி நேராக பாடிக்குப் போகும். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பட்டையின் இரு முனைகளும் மாட்டியிருப்பது பாடித் தகட்டில்தான். அங்கே துரு இருந்தால் விரிசல் விடும்.

வளைத்து செட் செய்வதில் எல்லாமே பட்டறைக்காரர் கையில் இருக்கிறது. பட்டை முழுவதையும் சீராகச் சூடேற்றி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அதைவிடக் குறைந்த சூட்டில் பதப்படுத்தித் தருபவரிடம் கொடுத்தால் நல்லது. கேஸ் பர்னரால் ஒரே இடத்தைச் சிவக்கவைத்து அடித்து வளைப்பவரிடம் கொடுக்காதீர்கள். பதம் போன இரும்பு சீக்கிரமே மறுபடி தொங்கிவிடும். மாட்டுமுன் பட்டைகளுக்கு நடுவே துருவைச் சுரண்டி கிராஃபைட் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். துரு பிடித்து ஒட்டிய கட்டு, எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கல்லாகத்தான் ஆடும்.

புது செட்டில் பழைய பட்டையோடு எண்ணிக்கை, தடிமன், வளைவு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். அம்பாசிடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டதால் கடையில் கிடைப்பதெல்லாம் ஒரே தரமாக இருக்காது.

என் தேர்வு இதுதான்: விரிசல் இல்லை, பட்டை முனை உராய்ந்த இடத்தில் பள்ளம் விழவில்லை, மெயின் பட்டையின் கண் (முனையில் போல்ட் நுழையும் வளையம்) தேயவில்லை என்றால் பழசையே செட் செய்யுங்கள். இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் புது செட், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. எதற்கும் முன்னால் ஷாக் அப்சார்பரையும், பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் பார்த்துவிடுங்கள். ஆட்டம் அடங்காததற்கும் கடகட சத்தத்துக்கும் பல நேரம் அவைதான் காரணம்.

ஷேக்கிள் (பட்டையின் முனையை பாடியோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) போல்ட்டை வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே முழுதாக முறுக்க வேண்டும்; ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் புஷ் திருகிக் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டைக் கட்டை ஆக்சிலோடு பிடிக்கும் யு கிளாம்பை இன்னொரு முறை இறுக்குங்கள்.