ஒரு புட்டி ஜெல்லும் அண்ணியின் ஸ்கேன் அறிக்கையும்: டெல்டாவில் ஆறு வாரங்கள்

இங்கிலாந்திலிருந்து ஊருக்குப் புறப்பட்டபோது நான் செய்த பிழை ஒரு சாதாரண வகுத்தல் கணக்கில் நேர்ந்தது. மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொந்தரவுகளுக்காக நான் தோளிலும் கையிலும் தடவிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் புட்டி 80 கிராம் கொண்டது. அதன் தலையை 64 முறை அழுத்தலாம். எனக்கு நாளொன்றுக்கு இரண்டு அழுத்தல், ஆகவே ஒரு புட்டி 32 நாளைக்கு வரும். பயணமோ 42 நாள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, விமானச் சீட்டு, அத்தைக்கு முழங்கால் பட்டை என்று எல்லாவற்றையும் பட்டியலிட்டு எடுத்துவைத்த நான், இதை மட்டும் கணக்குப் பார்க்காமல் ஒரே புட்டியோடு கொழும்பு வழியாகத் திருச்சியில் வந்து இறங்கினேன்.

எனக்கு 48 வயது. மாதவிடாய் இன்னும் முழுவதுமாக நிற்கவில்லை. சில வேளைகளில் இருபது நாளில் வருகிறது, சில வேளைகளில் எழுபது நாளானாலும் வருவதில்லை. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்னால் பல ஆண்டுகள் இழுத்தடிக்கும் இந்தத் தடுமாற்றக் காலத்துக்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது ஏறத்தாழ 51 என்றால், இந்தியப் பெண்களுக்கு அது 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. ஊரில் இதைப் பற்றிப் பேசுவதற்கு இருக்கும் ஒரே சொல் 'நின்னுபோச்சு' என்பதுதான். நிற்பதற்கு முன்னால் நடப்பவற்றுக்குப் பொதுவான பெயர் கிடையாது. பெயரில்லாத ஒன்றைக் கடைக்காரரிடமும் மருத்துவரிடமும் கேட்டு வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை இந்த ஆறு வாரங்களில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு சுவாமிமலைக்கு அருகே இருக்கிறது. ஆடி மாதக் காற்று வீசினாலும் புழுக்கம் குறைவதில்லை, ஊரே வேர்த்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் தனியாக வேர்ப்பதை யாரும் கவனிக்கவும் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வெயிலில் வரும் வேர்வை மெல்லக் கசிவது. இதுவோ நெஞ்சில் குப்பென்று மூண்டு, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறி, காது மடல் வரை சுட்டுவிட்டு, மூன்று நான்கு நிமிடத்தில் வடிந்து, பின்னால் ஒரு குளிரையும் விட்டுச்செல்வது. ஜெல் தீர்ந்த மூன்றாம் நாள் இரவிலேயே அது திரும்பிவிட்டது.

கும்பகோணத்தில் நான்கு மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினேன். தோலில் ஒட்டும் பேட்ச் எங்கும் இல்லை. ஜெல் என்றதும் முதல் கடைக்காரர் மூட்டுவலித் தைலத்தை எடுத்துவைத்தார். ஈஸ்ட்ரோஜனோடு நான் இரவில் விழுங்கும் புரொஜெஸ்டிரோன் மாத்திரை மட்டும் கேட்ட இடமெல்லாம் கிடைத்தது. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பையின் உட்சவ்வு அளவுக்கு மீறித் தடித்துவிடும் என்பதற்காகச் சேர்த்துத் தரப்படும் மருந்து அது. அது ஏன் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்பது அடுத்த நொடியில் விளங்கியது. பட்டையை நீட்டிய பையன் மிகுந்த மரியாதையோடு, "எத்தனை மாசம்க்கா?" என்று கேட்டான். கருத்தரித்த தொடக்க மாதங்களில் கரு தங்குவதற்காக எழுதித்தரும் அதே மாத்திரைதான் அது. நரைமுடியைப் பார்த்த பின்னும் அவன் அப்படிக் கேட்டதை நான் புகழுரையாகவே எடுத்துக்கொண்டேன்.

நான்காவது கடைக்காரர் வயதானவர். என் பழைய மருந்துச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, திருச்சிக்குத் தொலைபேசியில் பேசினார். மறுநாள் மாலை பார்சலில் ஜெல் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2022-ஆம் ஆண்டு இதே வகை ஜெல்லுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பெண்கள் ஒருவருக்கொருவர் புட்டியைப் பகிர்ந்துகொண்ட கதையெல்லாம் நடந்தது. அந்த அனுபவத்தோடு ஒப்பிட்டால் ஒரு நாள் காத்திருப்பை நான் குறையாகச் சொல்ல முடியாது. அங்கே 2023 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 20 பவுண்டுக்கும் சற்றுக் குறைவாக ஒருமுறை கட்டிவிட்டால் ஹார்மோன் மருந்துகளை அந்த ஆண்டு முழுதும் பெற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. இங்கே ஒவ்வொரு முறையும் முழு விலை கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

அந்த நான்கு கடைகளில் ஒன்றில் நடந்ததைத் தனியாகச் சொல்லவேண்டும். நான் வாயைத் திறந்து 'மாதவிடாய்' என்று சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து நறுக்கத் தொடங்கிவிட்டார். தள்ளிப்போடும் மாத்திரை. ஆடி வெள்ளி, தீமிதி, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எது வந்தாலும் டெல்டாப் பெண்கள் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் நோரெதிஸ்டிரோன் அது. எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து தினம் மூன்று வேளை என்பது வழக்கமான கணக்கு. மாதவிடாய் ஒழுங்காக வரும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். எதிர்பார்க்கும் நாள் என்று ஒன்றே இல்லாமல் போய்விட்ட நாற்பத்தெட்டு வயதுக்காரி எந்த நாளிலிருந்து மூன்றைக் கழிப்பாள்? இரத்தக்குழாயில் உறைகட்டி வந்தவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது. நாற்பதுக்கு மேல் அதைத் தொடர்ந்து விழுங்கினால், இயல்பான தடுமாற்றம் எது, கவனிக்கவேண்டிய உதிரப்போக்கு எது என்று பிரித்தறிய முடியாமலும் போய்விடும். இதைப் பற்றிக் கடையில் ஒரு கேள்வியும் எழவில்லை. "கோயிலுக்குத்தானே?" என்பது மட்டும்தான் கேட்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதுதான் அண்ணி தன் கதையைத் தொடங்கினார். அவருக்கு 49 வயது. இரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாடு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாகப் போக்கு, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. அண்ணனிடம் சொன்னதில்லை. புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு ஆடி முழுதும் போவதற்காக ஆண்டுதோறும் இருபது நாள்போல அந்த மாத்திரையைச் சாப்பிடுவாராம். விட்டதும் வாய்க்கால் மடையைத் திறந்ததுபோல் கொட்டுமாம். அதைச் சாமி குற்றம் என்று எண்ணி, மறு ஆண்டு இன்னும் பயபக்தியோடு சாப்பிட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் அவரை அருகிலுள்ள நகரத்தின் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். காலை ஏழு மணிக்கு டோக்கன், பதினொன்றரைக்கு மருத்துவர். இடைப்பட்ட நேரத்திலேயே ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் முடிந்து அறிக்கை கைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் இதே ஸ்கேனுக்கு நான் பதினொரு வாரம் காத்திருந்தவள் என்பதால் உண்மையிலேயே வியந்துபோனேன். ஹீமோகுளோபின் 8.2. கருப்பையில் 2 செ.மீ. அளவில் ஒரு நார்க்கட்டி. உட்சவ்வின் தடிமன் 11 மி.மீ. தேவையற்ற ஒன்றும் பட்டியலில் இருந்தது: எஃப்.எஸ்.எச். எனும் ஹார்மோன் அளவு. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்கு அறிகுறிகளைக் கேட்டாலே போதும். நாளுக்கு நாள் ஏறி இறங்கும் அந்த எண்ணால் பெரிமெனோபாஸ் விஷயத்தில் பயன் குறைவு. ஆனால் தைராய்டு பார்த்திருந்தார்கள், அது சரியான முடிவு. படபடப்பும் வேர்வையும் தைராய்டு கோளாறிலும் வரும்.

பரிசோதனையில் கண்ட வேகம் ஆலோசனை அறையிலும் தொடர்ந்ததுதான் சிக்கல். நான்கு நிமிடம். மருத்துவர் அறிக்கையைப் பார்த்தார், அண்ணியைப் பார்க்கவில்லை. "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே எதுக்கும்மா அது? எடுத்துடலாம். கார்டு இருக்கா?" என்றார், காப்பீட்டு அட்டையைக் குறிப்பிட்டு. கருப்பையை மட்டுமா, சினைப்பைகளையும் சேர்த்தா என்று நான் கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்துட்டா பிற்காலத்துல தொந்தரவு இல்லை" என்று பதில் வந்தது. வேறு வழி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "ஹார்மோன் போட்டா கேன்சர் வரும்" என்றார்.

அந்தக் கடைசிச் சொற்றொடரை நான் பல இடங்களில் கேட்டுவிட்டேன். அதன் வேர் 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வில் இருக்கிறது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. அவர்களுக்குத் தரப்பட்டது குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரொஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரை. மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக வந்தது. அந்த எட்டை நான் அற்பம் என்று சொல்லமாட்டேன். ஆயினும் அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் பெண்ணின் கணக்கு வேறு. தோல் வழியாகச் செல்லும் ஈஸ்ட்ரோஜன் வழக்கமான அளவில் இரத்த உறைகட்டி அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் பொதுவாக ஆகாது என்பதும் உண்மை. இவ்வளவையும் பிரித்துச் சொல்லப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் டெல்டாவில் காசு கொடுத்தும் எளிதில் வாங்க முடியவில்லை.

அன்றிரவு வாசல் திண்ணையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா விசிறியை நிறுத்தினார். தமக்கு 38 வயதிலேயே 'ஆப்ரேஷன்' ஆனது எனக்குத் தெரியுமென்றே இதுநாள்வரை நினைத்திருந்தாராம். உண்மையில் எனக்குத் தெரியாது. பெரும்பாட்டுக்காக எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து இரவில் உடம்பு கொதிக்கும், எழுந்து கிணற்றடியில் போய் உட்கார்ந்திருப்பேன், பேய் பிடித்திருக்கிறது என்று உன் பாட்டி வேப்பிலை அடிக்கச் சொன்னாள் என்று, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். சினைப்பைகளை எடுத்தால் மெனோபாஸ் ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவதில்லை, ஒரேயடியாக வந்து இறங்கிவிடுகிறது. எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கின்றன. இளம் வயதில் அப்படி நேர்ந்தால், தடை ஏதுமில்லாத பட்சத்தில், குறைந்தது இயல்பான வயது வரையாவது ஹார்மோன் ஈடுசெய்ய வேண்டும் என்பதே இன்றைய நடைமுறை. அம்மாவுக்கு ஒரு மாத்திரையும் தரப்படவில்லை. அறுபத்தோராம் வயதில் கொல்லைப்படியில் லேசாகச் சறுக்கியதற்கே அவர் மணிக்கட்டு முறிந்தது என் நினைவுக்கு வந்தது.

அண்ணி மறுநாள் காலையில் தாமாகவே, "பெரியாஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடலாம்" என்றார். தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனைக்கு மகளிருக்குக் கட்டணமில்லாத பேருந்தில் போனோம். கூட்டம் நெருக்கியடித்தது. சீட்டு வாங்க ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, உட்கார இடமில்லை, கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். பட்டமேற்படிப்பு மாணவியான இளம் மருத்துவர் ஒருவர் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "தள்ளிப்போடறதுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?" என்பது. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். தனியார் மருத்துவமனையில் யாருமே கேட்காத கேள்வி அது.

நாற்பதைத் தாண்டியவருக்கு இப்படிப் போக்கு இருக்கும்போது உட்சவ்வின் சதையைச் சிறிது எடுத்துப் பரிசோதிக்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று அவர் விளக்கினார். எடுத்தார்கள். பத்து நாளில் புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. இரும்புச்சத்து மாத்திரை, போக்கு அதிகமான நாள்களுக்கு மட்டும் அதைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், அது போதாதென்றால் கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் காயில் என்று மூன்று படிகளைச் சொல்லி, அதன் பிறகும் அடங்காவிட்டால் மட்டும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றார். காயில் என்றதும் அண்ணி காப்பர்-டி என்று எண்ணி மிரண்டார். இது போக்கைக் கூட்டாது, குறைக்கும் என்று மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அந்தத் தாளை அண்ணி இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

இதற்கிடையே சித்த மருத்துவம் பார்க்கும் உறவினர் ஒருவர் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் கொடுத்தார். எனக்கு வேர்வை குறையவில்லை, தூக்கம் கொஞ்சம் வந்ததுபோலிருந்தது. இனிப்பாக இருந்தது என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்லமாட்டேன். அத்தை கிண்டிய உளுந்தங்களியை எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் தினம் சாப்பிட்டேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாக வரும் தன்னார்வலர் பெண் ஒருநாள் அம்மாவின் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்யப்படுவதையும் அவர் எடுத்துச் சொன்னார். மாதவிடாய் நிற்கும் காலத்துக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் இல்லக்கா. எனக்கே ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே இல்ல. அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். எங்கள் தெருவில் மட்டும் அவர் நாற்பத்தேழு வீடுகளுக்குப் போகிறவர். அம்மாவின் கையிலிருந்து பட்டையைக் கழற்றிய பின்னும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்.

அண்ணிக்கு ஹீமோகுளோபின் இப்போது 10.6-க்கு ஏறியிருக்கிறது. இந்த ஆடியில் மாத்திரை சாப்பிடாமல் மூன்று வெள்ளி கோயிலுக்குப் போனார், ஒரு வெள்ளி போகவில்லை. காயில் வைத்துக்கொள்வதா என்பதைத் தை மாதத்தில் நான் வரும்போது முடிவு செய்யலாம் என்கிறார். அந்தப் பயணத்துக்கு இரண்டு புட்டி எடுத்துவைத்துவிட்டேன்.