டல்சா கன் ஷோவில் ரீலோடிங் சாமான் வாங்கிய கதை

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்சாவில் வருடத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரலிலும் நவம்பரிலும் நடக்கிற வானன்மாக்கர் கன் ஷோவுக்கு, அதாவது துப்பாக்கிச் சந்தைக்கு, இந்த ஏப்ரலிலும் போய் வந்தேன். துப்பாக்கி வாங்கப் போகவில்லை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கேஸை எடுத்து, புது பிரைமர் (அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பாய்ந்து போகிற குண்டு) வைத்து வீட்டிலேயே மறுபடி தயார் செய்கிற ரீலோடிங் பழக்கம் எனக்குப் பத்து வருடமாக உண்டு, அதற்கான சாமான் வாங்கத்தான் போனேன். எக்ஸ்போ ஸ்கொயர் கண்காட்சித் திடலில் 11 ஏக்கர், ஒரே கூரை, 4,000க்கும் மேல் மேசைகள். ரீலோடிங் மேசைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாலும் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், ஏனென்றால் நமக்கு வேண்டியது எந்தக் கத்திக்கடைக்கும் எந்த மாட்டிறைச்சி வற்றல் கடைக்கும் நடுவில் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் எனக்குக் கிடைத்ததைச் சொல்லிவிடுகிறேன். மதியம் போல ஒரு மேசையில், வயதான ஒருவர் தன் அண்ணனின் பட்டறைச் சாமானை எல்லாம் பரப்பி வைத்திருந்தார். பச்சைப் பெயின்ட் உதிர்ந்த ஆர்சிபிஎஸ் கம்பெனி பிரஸ் (கேஸை அழுத்துகிற கைக்கருவி), அதில் திருகி மாட்டுகிற அச்சுகளான டைகள் அடங்கிய சின்னப் பெட்டிகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு துணியில் சுற்றி ஆர்சிபிஎஸ் 10-10 தராசு. பவுடர் நிறுக்கிற நீளக்கோல் தராசு இது, அந்தக் காலத்தில் ஓஹாஸ் கம்பெனி ஆர்சிபிஎஸ்ஸுக்காகச் செய்துகொடுத்தது. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் இதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின், நாம் அளக்க வேண்டியதோ கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஆறரை மில்லிகிராம். அதைப் பல வருடம் மாறாமல் காட்ட இந்தக் கோலும், அதைத் தாங்குகிற கத்திமுனையும், அது உட்காருகிற அகேட் கல்லும் போதும். பேட்டரி வேண்டாம்.

பழைய தராசைப் பார்த்ததும் காசை நீட்டிவிடக் கூடாது. நான் கன் ஷோவுக்குப் போனால் சட்டைப் பையில் 20 கிரெயின் சோதனை எடைக்கல் ஒன்று எப்போதும் இருக்கும். அவரிடம் கேட்டுக்கொண்டு மேசையின் ஆடாத ஓரத்தில் தராசை வைத்தேன். கோலைத் தூக்கி, கத்திமுனை மழுங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். கல்லில் படிந்திருந்த தூசியை ஊதினேன். காலடித் திருகைத் திருப்பி சைபருக்குக் கொண்டுவந்து எடைக்கல்லைத் தட்டில் வைத்ததும், கோல் மெதுவாக ஏறி இறங்கி 20.0 கோட்டில் நின்றது. விரலால் லேசாக அமுக்கிவிட்டேன், மறுபடியும் அதே கோடு. மூன்று தடவை பார்த்தாயிற்று. 80 டாலர் சொன்னார், 70க்குக் கொடுத்தார். தட்டு அதே தராசோடு வந்த தட்டுதானா என்பதையும் கேளுங்கள், வேறு தராசின் தட்டாக இருந்தால் சைபருக்கே வராமல் படுத்தும்.

டைகள் விஷயத்திலும் பழைய சாமான்தான் இங்கே நல்ல பேரம். ரீலோடிங் டைகளின் புரி பல பத்தாண்டுகளாக ஒரே அளவு, 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி, அதனால் தாத்தா காலத்து டை இன்று வாங்கின பிரஸ்ஸிலும் ஏறும். 257 ராபர்ட்ஸ், 300 சாவேஜ் போன்ற ஓரமாய்ப் போய்விட்ட தோட்டா அளவுகளுக்கு ஆன்லைனில் தேடிக் களைத்தவர்கள் இங்கே வாருங்கள். பெட்டி மூடியைத் திறந்து டையின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே துரு இருந்தால் தேய்த்துவிடலாம், உள்ளே துருவோ கீறலோ இருந்தால் ஒவ்வொரு கேஸிலும் அந்தக் கோடு விழும்.

பிரைமருக்கு வருவோம். ஆயிரம் எண்ணிக்கை கொண்ட பெட்டி 2020க்கு முன்னால் 30 டாலர் சுமாருக்குக் கிடைத்தது, அப்புறம் வந்த தட்டுப்பாட்டில் நூறு டாலருக்கு மேல் போனது, இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆன்லைனில் வாங்கினால் பிரைமருக்கும் பவுடருக்கும் ஆபத்தான சரக்குக் கட்டணம் என்று தனியாக 20, 30 டாலர் போட்டுவிடுவார்கள். ஒரே ஒரு பெட்டி வாங்குகிறவனுக்கு அது பெரிய அடி, நேரில் வாங்கும்போது அது மிச்சம். ஆனால் எந்த கன் ஷோவிலும் பக்கத்துப் பக்கத்து மேசையிலேயே விலை ஏறி இறங்கும், வாங்க வேண்டிய பட்டியலையும் வழக்கமான விலையையும் போனில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு சுற்று முழுதாக நடந்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். கம்பெனிப் பெட்டியில், அதன் தட்டில் அடுக்கியபடி இருப்பதை மட்டும் எடுங்கள். மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்த பிரைமர் பக்கமே போகாதீர்கள், ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும்.

பவுடரில் நான் இன்னும் கண்டிப்பு. முத்திரை உடைந்த டப்பா எனக்கு வேண்டாம், ஐந்து டாலருக்குக் கொடுத்தாலும் சரி. லேபிளில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு விற்கிறவர் வாய்ச்சொல் தவிர எதுவும் இல்லை, இந்த விஷயத்தில் வாய்ச்சொல்லை நம்பி கையையும் கண்ணையும் பணயம் வைக்க முடியாது. பேர் குழப்பமும் உண்டு. ஐஎம்ஆர் 4831, ஹாட்ஜ்டன் எச்4831 என்று இரண்டு பவுடர், இரண்டிலும் ஒரே எண், ஆனால் ஐஎம்ஆர் வேகமாக எரியும், ஹாட்ஜ்டனுக்குரிய அளவை அதில் போட்டால் அழுத்தம் எகிறிவிடும். நல்ல பவுடரில் ஸ்பிரிட் போல வாசனை வரும், கெட்டுப்போனதில் புளித்த காரநெடியும் துருப்போல செந்தூசியும் இருக்கும். மலிவாக இருக்கிறதே என்று அள்ளவும் வேண்டாம்: அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 விதிப்படி வீட்டில் சாதாரணமாக 20 பவுண்டு பவுடர், 10,000 பிரைமர்தான் உச்சவரம்பு, பவுடர் அதன் டப்பாவிலேயே இருக்க வேண்டும்.

காலி கேஸ் வாங்கி ஏமாந்தது எனக்கே நடந்தது, டல்சாவில் இல்லை, சில வருடம் முன்பு வேறொரு சின்ன கன் ஷோவில். 45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவின் கேஸ் 500 ஒரு ஜிப் பையில் கட்டி விற்றார்கள், மேலே தெரிந்ததெல்லாம் பெரிய பிரைமர் பொருந்தும் ரகம். வீட்டுக்கு வந்து கொட்டினால் பாதிக்கு மேல் சின்ன பிரைமர் ரகம். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன், கோபத்தில் வேறு எதுவும் ஓடவில்லை. அன்றிலிருந்து பையை அவிழ்த்துக் கீழிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. கூட ஒரு சின்னக் காந்தமும் கொண்டுபோகிறேன், பித்தளைக்குள் கலந்த இரும்புக் கேஸ் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அடிப்பக்கம் எல்சி என்ற எழுத்தும் வட்டத்துக்குள் சிலுவையும் இருந்தால் அது மிசூரியில் உள்ள லேக் சிட்டி ஆலையின் ராணுவ கேஸ், நல்ல உறுதியான சரக்கு, ஆனால் பிரைமர் குழியைச் சுற்றி இறுக்கி அடித்திருப்பார்கள், அந்த விளிம்பை எடுத்தால்தான் புது பிரைமர் உட்காரும். அந்த வேலையையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டாக்கள் பையில் கட்டி எங்காவது விற்பனைக்கு இருக்கும். தொடாதீர்கள்.

நம் ஆட்கள் நிறையப் பேர் எச்1பி வேலை விசாவில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். என்னோடு வந்த நண்பரும் அந்த விசாதான், ஒரு பெட்டி புல்லட் எனக்காக வாங்கிப் பிடித்திருக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை, துப்பாக்கிக்கென்று செய்த காலி கேஸ், பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே அதில் அடங்கும். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் அவற்றை வைத்திருப்பது குற்றம், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நண்பர் கையை வீசிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்தார், பழைய வின்செஸ்டர் துப்பாக்கிகளின் மேசையில் மட்டும் ஒரு மணி நேரம் நின்றார், வரும் நவம்பரிலும் வருகிறேன் என்றிருக்கிறார்.

தராசு இப்போது என் பெஞ்சில் இருக்கிறது. துணியைப் பிரித்தபோது தட்டுக்கு அடியில் மடித்து வைத்த ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது, அந்த அண்ணனின் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும், பென்சிலில் தேதி போட்டு, சைபர் சரிபார்த்த நாட்களை வரிசையாகக் குறித்திருந்தார். கடைசி வரிக்குக் கீழே இடம் இருந்தது. நானும் தேதி எழுதினேன்.